மின்கிதாரின் உடல் மரமும் ஒலியும்: ஒரு மதிப்பீடு

மின்கிதார் என்பது எஃகுத் தந்திகளின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றி, பெருக்கியின் வழியாக ஒலிக்கச் செய்யும் தந்தி இசைக்கருவி ஆகும். இதன் உடல் பெரும்பாலும் திண்மையான மரப்பலகையால் ஆனது. ஆல்டர், ஆஷ், மஹோகனி, மேப்பிள், பாஸ்வுட், பாப்லர் ஆகியவை பரவலாகப் பயன்படும் மரங்கள். இவை ஒவ்வொன்றும் கிதாருக்குத் தனித்தன்மையுள்ள ஒலியைத் தருகின்றன என்ற கருத்து விற்பனைப் பட்டியல்களிலும் இசைப் பயிற்சி நூல்களிலும் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. ஒலிக்கு உகந்தவை எனக் கருதப்படும் இம்மரங்களை 'டோன்வுட்' என்று வணிக வழக்கில் அழைப்பர். மஹோகனி வெதுவெதுப்பானது, மேப்பிள் பளிச்சென்றது, ஆல்டர் சமநிலையானது என்று இந்த வழக்கு சொல்லும். இக்கூற்றுகளுக்கு அடிப்படை உள்ளதா, இருந்தால் எவ்வளவு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

புதிதாகக் கிதார் வாங்கும் மாணவர் ஒருவருக்கு இது வெறும் வாதப் பொருள் அன்று. ஒரே வடிவம், ஒரே மின்பாகங்கள் கொண்ட இரு கருவிகளில் மரத்தின் பெயரை முன்வைத்து ஒன்றுக்குக் கூடுதல் விலை கேட்கப்படும்போது, அந்தப் பணம் எதற்காகப் போகிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

தந்தியிலிருந்து மரத்திற்கு

மரக்கிதாரில், அதாவது மின்சாரம் இல்லாத கிதாரில், தந்தி தானாக எழுப்பும் ஒலி மிகக் குறைவு. மெல்லிய கம்பி காற்றைப் போதிய அளவு தள்ளாது. தந்தியின் ஆற்றல் பிரிட்ஜ் வழியாக மேற்பலகைக்குச் சென்று, அந்தப் பலகை அதிர்ந்து, அறைக்குள் இருக்கும் காற்றையும் அதிரச் செய்கிறது. நம் காதுக்கு வருவது பலகையின் ஒலியே. வீணையிலும் இதுவே நிகழ்கிறது. பலாமரக் குடம் வெறும் அலங்காரம் அன்று. ஆகவே மரத்தால் ஒலி மாறும் என்ற எண்ணம் நமக்கு இயல்பாகவே வருகிறது. அது மரபான தந்திக் கருவிகளைப் பொறுத்தவரை சரியானதும் கூட.

அங்கும் எல்லா மரமும் சமமாகப் பேசுவதில்லை. நவீன கிதாரின் வடிவத்தை வகுத்த ஸ்பானியக் கைவினைஞர் அந்தோனியோ தே டோரஸ் 1862-இல் ஒரு கிதார் செய்தார். அதன் மேற்பலகை வழக்கமான மரம். பின்புறமும் பக்கங்களும் அட்டை! மேற்பலகையே முதன்மை என்பதைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. இன்றும் பார்சிலோனாவில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மின்கிதாரில் கதை தலைகீழாகிறது. தந்திகளுக்குக் கீழே பிக்கப் எனப்படும் உணர்கருவி உள்ளது. காந்தம் ஒன்றும், அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்ட மெல்லிய செப்புக் கம்பியும் சேர்ந்ததே பிக்கப். எஃகுத் தந்தி காந்தப்புலத்தில் அசையும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது. அந்த மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் வரும் பாரடேயின் மின்காந்தத் தூண்டல் விதியே இது. மரம் காந்தப் பொருள் அன்று. ஆதலால் மரம் எவ்வளவு அதிர்ந்தாலும் அந்த அதிர்வைப் பிக்கப் நேரடியாக அறியாது. பிக்கப்புக்குத் தெரிந்தது தந்தி ஒன்றே.

அப்படியானால் மரத்திற்கு இடமே இல்லையா என்றால், ஒரு வழி இருக்கிறது. தந்தியின் இரு முனைகளும் மரத்தில்தான் பொருத்தப்பட்டுள்ளன. அந்த முனைகள் சிறிதளவு இளகிக் கொடுத்தால், தந்தியின் ஆற்றலில் ஒரு பகுதி மரத்திற்குள் போகும். எந்த அதிர்வெண்ணில் மரம் அதிகம் இளகுகிறதோ அந்த அதிர்வெண் தந்தியிலிருந்து விரைவில் மறையும். இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். மரக்கிதாரில் தந்தியிலிருந்து மரத்திற்குப் போன ஆற்றல்தான் இசையாகக் கேட்கிறது. மின்கிதாரில் மரத்திற்குப் போன ஆற்றல் இழப்பு. முன்னதில் மரம் பாடகர் என்றால், பின்னதில் மரம் வரி வசூலிப்பவர்.

இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எழுதப்படும் விளம்பர வாசகங்கள் தமக்குத் தாமே முரண்படுகின்றன. 'நன்றாக ஒத்ததிரும் மரம், ஆகவே நாதம் நெடுநேரம் நீடிக்கும்' என்பது அவற்றுள் ஒன்று. மரம் நன்றாக ஒத்ததிர்ந்தால் அந்தச் சுரத்தில் தந்தி விரைவில் அடங்கும். நாதம் நீள வேண்டுமானால் மரம் அசையாமல் இருக்க வேண்டும். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் வாக்களிப்பது இயலாது.

மரமில்லாத முன்னோர்

மின்கிதாரின் வரலாறு இவ்விவாதத்தில் போதிய அளவு பேசப்படுவதில்லை. வணிக அளவில் விற்பனைக்கு வந்த முதல் மின்கிதாரின் உடல் மரத்தாலானதே அன்று. ஜார்ஜ் பௌஷாம் வடிவமைத்து, பின்னர் ரிக்கன்பேக்கர் என்று பெயர் பெற்ற நிறுவனம் 1932-இல் விற்கத் தொடங்கிய அக்கருவி வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் வகைக் கிதார் அது. வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக வாணலி போலத் தோன்றியதால் 'பொரிக்கும் சட்டி' என்று செல்லப் பெயர் பெற்றது. 1931-இல் செய்யப்பட்ட அதன் மாதிரிக் கருவி மேப்பிள் மரத்தில் செதுக்கப்பட்டது. உற்பத்திக்கு வரும்போது மரம் கைவிடப்பட்டது. அலுமினியத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. மேடை விளக்குகளின் சூட்டில் உலோகம் விரிந்து சுருதி கலைந்தது. அடுத்து 1935-இல் பேக்கலைட் உடல் கொண்ட கருவி வந்தது. பொருள் மாற்றப்பட்டதற்கான காரணங்களில் சுருதியும் செலவும் இருந்தன. மரத்தின் குணநலன் பற்றிய கவலை அப்போது தலைதூக்கவில்லை.

1940-ஐ ஒட்டி லெஸ் பால் என்ற கலைஞர் நியூயார்க்கில் உள்ள எபிஃபோன் தொழிற்சாலையில் ஒரு பைன் கட்டையை எடுத்துத் தந்தி கட்டினார். நான்கு அங்குலச் சதுரக் கட்டை அது. அதன் பெயரே 'லாக்', அதாவது மரக்கட்டை. வாசித்துக் காட்டியபோது அவையோர் ஈடுபாடு காட்டவில்லை என்றும், சாதாரணக் கிதார் ஒன்றை இரண்டாக வெட்டிக் கட்டையின் இருபுறமும் ஒட்டிய பிறகே வரவேற்பு கிடைத்தது என்றும் அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஒட்டுப் பகுதிகள் ஒலிக்கு எதையும் சேர்க்கவில்லை. மக்கள் கண்ணாலும் கேட்கிறார்கள் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று மின்கிதார் உலகில் இல்லை.

லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் வானொலிப் பழுது பார்த்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. 1950-இல் அவர் கொண்டுவந்த திண்ம உடல் கிதார், 1951 முதல் டெலிகாஸ்டர் எனப்படுகிறது. தொடக்க மாதிரிகள் பைன் பலகையில் செய்யப்பட்டன. பின்னர் ஆஷ் வந்தது. (இங்கு ஆஷ் என்பது மரத்தின் பெயர். சாம்பலோடு அதற்குத் தொடர்பில்லை.) 1954-இல் வெளியான ஸ்ட்ராட்டோகாஸ்டரும் முதலில் ஆஷ் உடல் கொண்டது. 1956-இல் அது பெரும்பாலும் ஆல்டருக்கு மாறியது. ஆஷின் இழைகள் திறந்த துளைகள் உடையவை. வண்ணம் பூசுமுன் அவற்றை நிரப்ப வேண்டும். ஆல்டரின் இழை நெருக்கமானது, மலிவாகவும் எளிதாகவும் கிடைத்தது. மர வெளிர்நிறம் தெரியும்படி பூசும் கருவிகளுக்கு மட்டும் ஆஷ் தொடர்ந்தது. அதாவது, இன்று ஒலியின் இலக்கணமாகப் போற்றப்படும் தேர்வு, தொழிற்சாலையின் வண்ணப்பூச்சு அறையில் எடுக்கப்பட்ட முடிவு.

கிப்சன் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட லெஸ் பால் மாடலில் மஹோகனி உடல் மீது மேப்பிள் மூடி ஒட்டப்பட்டது. மேப்பிள் பளிச்சென்ற ஒலியைச் சேர்ப்பதற்காகவே அது என்று இன்று விளக்கம் தரப்படுகிறது. ஆனால் 1954-இல் அதே மாடலின் உயர்விலைப் பதிப்பான 'கஸ்டம்' முழுவதும் மஹோகனியால் செய்யப்பட்டது, மேப்பிள் மூடியே இல்லை. ஒலிக்கு இன்றியமையாதது என்றால், விலை கூடிய கருவியில் அது ஏன் விடுபட்டது?

இன்னும் விந்தையானது ஒட்டுப்பலகையின் கதை. மலிவுக் கிதாரைப் பழிக்க வேண்டுமானால் 'பிளைவுட்' என்று சொன்னால் போதும். ஆனால் ஜாஸ் கலைஞர்கள் போற்றும் கிப்சன் இஎஸ்-175 மாடலின் மேற்பலகை ஒட்டுப்பலகைதான். 1958-இல் வந்த இஎஸ்-335 மாடலும் அவ்வாறே. பி.பி. கிங் 'லூசில்' என்று பெயரிட்டு வாசித்த கருவிகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றைப் பழிப்பவர் எவரும் இல்லை. பெயர்ப் பட்டியலில் அவற்றின் பலகை 'லேமினேட்டட் மேப்பிள்' என்று கௌரவமாகக் குறிக்கப்படுகிறது, அவ்வளவே.

டேன்எலெக்ட்ரோ நிறுவனத்தின் கிதார்கள் மரச்சட்டத்தின் மேல் மேசனைட் எனப்படும் அழுத்திய மரநார் அட்டையை ஒட்டிச் செய்யப்பட்டவை. சியர்ஸ் அங்காடி வழியே மலிவு விலைக்கு விற்றவை. லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் அத்தகைய ஒன்றைத்தான் 'காஷ்மீர்' பாடலுக்கு மேடையில் வாசித்தார். 1969-இல் டான் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்த கிதாரின் உடல் கண்ணாடி போன்ற அக்ரிலிக். அதைக் கீத் ரிச்சர்ட்ஸ் அதே ஆண்டு சுற்றுப்பயணத்தில் பயன்படுத்தினார். பிரையன் மே 1963-இல் தம் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கிய 'ரெட் ஸ்பெஷல்' கிதாரின் கழுத்து பழைய கணப்படுப்பின் மஹோகனிச் சட்டம். உடலில் பழைய மேசையின் ஓக் துண்டும் பிளாக்போர்டு எனப்படும் ஒட்டுக்கட்டைப் பலகையும் உள்ளன. மேலே ஒட்டிய மஹோகனித் தாள் அழகுக்காக. தட்டுமுட்டுச் சாமான்களில் பிறந்த அந்தக் கருவியோடுதான் குயீன் குழுவின் இசைத்தட்டுகள் உருவாயின.

ஒப்பீட்டில் உள்ள குறை

மஹோகனியின் வெதுவெதுப்புக்குச் சான்றாகப் பெரும்பாலும் லெஸ் பால் கிதாரும், ஆல்டரின் தெளிவுக்குச் சான்றாக ஸ்ட்ராட்டோகாஸ்டரும் காட்டப்படுகின்றன. இரண்டும் வெவ்வேறு விதமாக ஒலிக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றுக்கிடையே மரம் மட்டுமா மாறுகிறது? லெஸ் பாலின் தந்தி நீளம் ஏறத்தாழ 628 மில்லிமீட்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 648. முன்னதில் 1957 முதல் இருப்பது இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர், பின்னதில் ஒற்றைச் சுருள் பிக்கப். முன்னதில் கழுத்து ஒட்டப்பட்டது, பின்னதில் திருகாணியால் பிணைக்கப்பட்டது. பிரிட்ஜ் வேறு. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் மின்தடை பொதுவாக முன்னதில் 500 கிலோ ஓம், பின்னதில் 250 கிலோ ஓம். மின்தடை குறையும்போது உயர் அதிர்வெண்கள் மழுங்கும். இத்தனையும் ஒரே நேரத்தில் மாறும்போது, வேறுபாட்டை மரத்தின் கணக்கில் எழுதுவது எந்த ஆய்வக நோட்டிலும் மதிப்பெண் பெறாது.

இவற்றுள் பிக்கப் இருக்கும் இடம் ஒன்றே பெரிய செய்தி. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கழுத்தருகே உள்ள பிக்கப் ஏறத்தாழத் தந்தியின் நான்கில் ஒரு பங்கு தொலைவில், பிரிட்ஜிலிருந்து அளந்தால், அமைந்துள்ளது. விரல் வைக்காமல் மீட்டும் தந்தியின் நான்காம் சீரிசைக்கு அந்த இடம் ஒரு கணு. கணுவில் அசைவில்லை. அசைவில்லாததைப் பிக்கப் பிடிக்காது. ஆகவே அந்தச் சீரிசை சமிக்ஞையில் ஏறத்தாழ இல்லாமலே போகிறது. பிரிட்ஜ் அருகில் உள்ள பிக்கப்புக்கு மாற்றினால் அது திரும்பி வருகிறது. ஒரு சுவிட்சைத் தட்டினால் நிகழும் இந்த மாற்றம் எந்த மரமும் தரக்கூடியதைவிடப் பன்மடங்கு பெரியது.

பெருக்கியின் பங்கு அதனினும் பெரிது. லெட் செப்பலின் முதல் இசைத்தட்டைக் கேட்டவர்கள் அதை லெஸ் பால் கிதாரின் கனத்த ஒலி என்று எண்ணுவது வழக்கம். உண்மையில் அதில் ஜிம்மி பேஜ் முதன்மையாக வாசித்தது டெலிகாஸ்டர், சிறிய சூப்ரோ பெருக்கியின் வழியாக. அண்மைக் காலத்தில் நாஷ்வில் கிதார் கலைஞர் ஜிம் லில் இரண்டு மேசைகளுக்கு இடையே தந்திகளைக் கட்டி, உடலும் கழுத்தும் இல்லாமல், டெலிகாஸ்டரின் ஒலியை நெருங்கிக் காட்டினார். அது ஆய்வகச் சோதனை அன்று, ஒரு தனிமனிதரின் செயல்விளக்கமே. ஆயினும் பிக்கப்பின் இடத்தையும் உயரத்தையும் துல்லியமாக ஒத்துவைத்து அவர் செய்த முறை, மரத்தைப் பற்றிய பல நூறு கட்டுரைகளைவிட நேர்மையானது.

இதை மாணவர்கள் தாங்களே சோதிக்கலாம். ஒரே கிதாரில் ஒரே சிறு பகுதியை வாசித்துப் பதிவு செய்து, பிக்கப்பின் உயரத்தைத் திருகாணியால் 2 மில்லிமீட்டர் மாற்றி மீண்டும் பதிவு செய்ய வேண்டும். பழைய தந்தியை எடுத்துப் புதியது போட்டு மூன்றாம் முறை. நீளமான கேபிளை இணைத்து நான்காம் முறை. கேபிளின் மின்தேக்குத்திறன் கூடக் கூட உயர் அதிர்வெண்கள் குறையும். பதிவுகளின் பெயரை மறைத்து நண்பரிடம் கேட்கச் சொன்னால், எந்த மாற்றம் காதுக்கு எட்டுகிறது என்பது ஒரு மாலைப் பொழுதில் விளங்கிவிடும்.

சொற்களின் சிக்கல்

டோன்வுட் பற்றிய எழுத்துகளில் வரும் அடைமொழிகள் தனி ஆய்வுக்குரியவை. வெதுவெதுப்பு, பளிச்சிடல், இனிமை, மரத்தன்மை, காற்றோட்டம் என்பவை அடிக்கடி வருபவை. இவற்றுள் சில தொடுபுலனிலிருந்தும் சில கண்ணிலிருந்தும் கடன் வாங்கியவை. கலைச்சொற்களில் உருவகம் இருப்பது குற்றமன்று. கருநாடக இசையிலும் 'கனத்த சாரீரம்' என்கிறோம். ஆனால் ஒரு சொல் எதைச் சுட்டுகிறது என்பதில் இருவர் உடன்பட வேண்டும். எந்த அதிர்வெண் எல்லையில் எவ்வளவு கூடினால் வெதுவெதுப்பு என்று எந்த விற்பனைப் பட்டியலும் சொல்வதில்லை. சொல்லாதவரை அக்கூற்றைப் பொய் என்று காட்டவும் முடியாது, மெய் என்று காட்டவும் முடியாது.

இன்னொரு செய்தியும் கவனத்திற்குரியது. மஹோகனி செந்நிறமானது, மேப்பிள் வெளிறியது. அடைமொழிகளும் அப்படியே. மரத்தின் நிறத்தைக் கண்டவர் அதே சொற்களை அதன் ஒலிக்கும் ஏற்றிச் சொல்கிறாரோ என்ற ஐயம் எழுவது இயல்பே. கருநிற ஈட்டி மரத்திற்கு 'இருண்ட' ஒலி என்று எழுதப்படுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

மரப்பெயர்களே உறுதியானவை அல்ல. 'ஸ்வாம்ப் ஆஷ்' என்பது தாவரவியல் இனத்தின் பெயர் அன்று. அமெரிக்காவின் தெற்குச் சதுப்பு நிலங்களில் வளர்ந்த எடை குறைந்த ஆஷுக்கு வணிகர் இட்ட பெயர். மஹோகனி என்ற பெயரில் மத்திய அமெரிக்க மரம், ஆப்பிரிக்கக் காயா, சப்பேலி, தென்கிழக்காசிய நாட்டோ ஆகியவை விற்கப்படுகின்றன. இவை வெவ்வேறு மரங்கள். ஒரே இனத்தில்கூட மரத்துக்கு மரம், ஒரே மரத்தில் அடிக்கும் நுனிக்கும் அடர்த்தி மாறும். சராசரிக் கணக்கில் பாஸ்வுட் கன மீட்டருக்கு 415 கிலோ, ஆல்டர் 450, மத்திய அமெரிக்க மஹோகனி 590, வன்மேப்பிள் 705. பட்டியலின் இரு கோடிகளுக்கிடையே வேறுபாடு பெரியது. ஆனால் கனத்த ஆல்டர் துண்டும் இலேசான மஹோகனித் துண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிடக்கூடும். அப்போது பெயரை வைத்து ஒலியைக் கணிப்பது எப்படி?

அளவீடுகள் சொல்வது

மறுபக்கத்தார் சிலர் மரத்தால் ஒன்றுமே ஆகாது என்று முழங்குகின்றனர். அதுவும் மிகைக் கூற்றே. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் ஃப்ளெய்ஷர், டில்மன் ஸ்விக்கர் இருவரும் 1990களின் இறுதியில் மின்கிதார்களின் அதிர்வை அளந்து ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டனர். சில பிரெட்களில் சில சுரங்கள் மற்றவற்றைவிட விரைவாக மடிந்து போவதைக் கிதார் கலைஞர்கள் அறிவர். இவற்றை 'மடிந்த இடங்கள்' என்பர். அச்சுரத்தின் அதிர்வெண்ணும் கழுத்து எளிதில் அசையும் அதிர்வெண்ணும் ஒன்றாகும்போது ஆற்றல் கழுத்துக்குள் இறங்கிவிடுவதே காரணம் என்று அவர்களின் அளவீடுகள் காட்டின. பிரிட்ஜ் பக்கம் இளக்கம் மிகக் குறைவு, கழுத்துப் பக்கமே அதிகம். 2014-இல் ஆர்தர் பாத்தே முதலிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் கழுத்தில் அளந்த இளக்கத்தைக் கொண்டு சுரம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று முன்கூட்டியே கணிக்கலாம் என்று காட்டினர்.

இவற்றிலிருந்து ஓர் எளிய செய்தி கிடைக்கிறது. மெல்லிய நீண்ட கழுத்து, தடித்த உடலைவிட எளிதில் வளையும். எனவே மரத்திற்கு ஒரு பங்கு உண்டென்றால் அது முதலில் கழுத்தின் விறைப்பில் இருக்கிறது. விளம்பரங்களோ உடல் மரத்தைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. உடல்தானே பெரிதாகவும் அழகாகவும் கண்ணுக்குத் தெரிவது!

உடல் மரத்திற்கு ஆதரவான முடிவும் உண்டு. போலந்தின் கிராக்கோவில் உள்ள ஏஜிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, மரவகையை மாற்றும்போது அளவிடக்கூடிய வேறுபாடு உண்டு, அது கேட்போரின் காதுக்கும் எட்டக்கூடியது என்று கூறியது. இதை மறைத்துவிட்டு வாதிடுவது முறையன்று. ஆனால் மரத்தால் வேறுபாடு உண்டு என்பதும், மஹோகனி வெதுவெதுப்பானது என்பதும் இரு வேறு கூற்றுகள். முதலாவது உண்மையானால் இரண்டாவது தானாக உண்மையாகிவிடாது. இரண்டு பலகைகளுக்கிடையே வேறுபாடு இருக்கலாம். அது அந்தப் பலகைகளின் வேறுபாடா, இனங்களின் வேறுபாடா என்று சொல்ல ஒவ்வோர் இனத்திலும் பல பலகைகள் வேண்டும்.

மரமே முதன்மையான வயலினிலும் நிலைமை எதிர்பார்த்தபடி இல்லை. 2010-இல் இண்டியானாபொலிஸ் நகரில் கிளாடியா ஃப்ரிட்ஸ், ஜோசப் கர்ட்டின் குழுவினர் 21 வயலின் கலைஞர்களுக்குக் கருவியைக் காண இயலாதபடி கண்ணாடி அணிவித்து, ஸ்ட்ராடிவாரியஸ் உள்ளிட்ட மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதிய வயலின்களையும் கொடுத்தனர். பழையது எது, புதியது எது என்று பெரும்பாலோரால் பிரித்தறிய முடியவில்லை. அங்கேயே அப்படியென்றால், பெருக்கியும் உருக்குலைவு மிதியும் கடந்து வரும் மின்கிதார் ஒலியில் மரத்தை இனங்காண்பதாகச் சொல்பவரைக் கண்ணைக் கட்டிச் சோதித்த பிறகே நம்பலாம்.

மரம் பொருட்படும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். உட்குழிவான கிதாரில் பெருக்கியின் ஒலி மேற்பலகையை அதிரச் செய்து தந்திக்குத் திரும்புவதால் பின்னூட்ட ஊளை எழும். அங்கே உடலின் அமைப்பு ஒலியோடு நேரடித் தொடர்புடையது. மெழுகில் தோய்க்காத பழைய பிக்கப்புகள் உடலின் தட்டொலியைச் சிறிதளவு பிடிக்கும். எடை இன்னொன்று. 4 கிலோவுக்கு மேற்பட்ட கருவியை இரண்டு மணி நேரம் தோளில் தொங்கவிடுபவருக்கு அடர்த்தி என்பது முதுகெலும்பின் பிரச்சினை. கிப்சன் 1980களிலேயே மஹோகனியில் துளையிட்டு மேப்பிள் மூடியால் மறைத்து எடையைக் குறைக்கத் தொடங்கியது. வாசிப்பவரின் நெஞ்சிலும் கையிலும் படும் அதிர்வும் பொய்யன்று. அது அவருடைய வாசிப்பை மாற்றலாம். அவையோருக்கு அது கேட்காது, அவ்வளவுதான்.

காட்டின் கணக்கு

மரத்தின் பெயருக்குக் கொடுக்கப்படும் விலை வாங்குபவரோடு நிற்பதில்லை. உடல் மரம் பற்றிய நம்பிக்கை கழுத்தின் மேல் ஒட்டும் விரற்பலகைக்கும் பரவியது. அங்கு விரும்பப்பட்டவை ஈட்டியும் கருங்காலியும். பிரேசிலின் ஈட்டி அரிதாகி, 1960களின் இறுதியில் அங்கிருந்து மரக்கட்டை ஏற்றுமதி தடைப்பட்டபோது, கிதார் தொழில் தென்னிந்தியாவின் ஈட்டி மரத்தை நாடியது. தோதகத்தி என்றும் அழைக்கப்படும் இம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குரியது, மெல்ல வளர்வது. தமிழ்நாட்டில் இதைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2017 ஜனவரியில் ஈட்டிப் பேரினம் முழுவதும் அழியும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இசைக்குழுக்கள் சொந்தக் கருவியோடு எல்லை கடப்பதே தொல்லையானதால், முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளிக்கப்பட்டது.

அமெரிக்க அதிகாரிகள் 2009-இலும் 2011-இலும் கிப்சன் தொழிற்சாலைகளில் சோதனை நடத்தினர். முதல் முறை மடகாஸ்கர் கருங்காலி, இரண்டாம் முறை இந்தியாவிலிருந்து வந்த ஈட்டியும் கருங்காலியும். 2012-இல் அந்நிறுவனம் 3 லட்சம் டாலர் தண்டமும், மர வளங்காப்புப் பணிக்கு 50 ஆயிரம் டாலரும் செலுத்த ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது. மறுபுறம் பூச்சி ஒன்று நிகழ்த்திய மாற்றமும் உண்டு. மரகத ஆஷ் துளைப்பான் என்னும் வண்டு வட அமெரிக்க ஆஷ் மரங்களை அழித்து வருவதால், 2020-இல் ஃபெண்டர் தன் வழக்கமான கருவிகளில் ஆஷ் பயன்பாட்டைக் கைவிட்டுச் சில தேர்ந்த மாடல்களுக்கு மட்டும் அதை ஒதுக்கியது. பல ஆண்டுகளாக ஆஷின் தனித்தன்மை பற்றிப் படித்தவர்கள், வேறு மர உடலோடு வந்த டெலிகாஸ்டரையும் டெலிகாஸ்டர் என்றே வாங்குகின்றனர்.

கருங்காலியின் நிலை இவை எல்லாவற்றிலும் கொடியது. விரற்பலகை முழுக் கறுப்பாக இருக்க வேண்டும் என்பது வாங்குபவரின் எதிர்பார்ப்பு. கேமரூன் காடுகளில் மரத்தை வெட்டிப் பார்த்தால்தான் உள்ளே கறுப்பா, பழுப்புக் கோடுகள் கலந்ததா என்று தெரியும். கோடு விழுந்த மரங்கள் விலை போகாததால் வெட்டிய இடத்திலேயே விடப்பட்டு வந்தன. டெய்லர் கிதார் நிறுவனம் 2011-இல் அங்கே ஒரு மர அறுவை ஆலையை வாங்கிய பின்னர், அதன் நிறுவனர் பாப் டெய்லர் இதை வெளிப்படையாகப் பேசினார். கோடு விழுந்த மரத்தையும் இனிப் பயன்படுத்துவோம் என்று அறிவித்தார். இப்போது அந்நிறுவனத்தின் கிதார்களில் பழுப்பும் கறுப்புமாகக் கோடிட்ட விரற்பலகைகளைக் காணலாம்.